கைவிடாதவர் சான்றிதழ்

வளன் கதவை மூடுவதை டெல்பின் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

படத்தில் வளனின் முகம் இல்லை. விண்வெளி உடை போட்ட ஓர் உருவம், அவ்வளவுதான். ஊதா நிற வானம். தரையெல்லாம் சாம்பல். தூரத்தில் மலை எழுந்து நடந்து வருவது போலப் புழுதிப் புயல். அந்த உருவம் ஓர் உலோகக் கூடாரத்தை நோக்கி ஓடுகிறது. பின்னாலேயே ஒரு சிறுமி தடுக்கித் தடுக்கி ஓடி வருகிறாள். பெரியவன் உள்ளே நுழைகிறான். திரும்பிப் பார்க்கிறான். சிறுமி வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். அவன் கை சுவரிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துகிறது. கதவு மூடுகிறது. கண்ணாடியில் ஒரு சின்னக் கை தட்டுகிறது. பிறகு சாம்பல் வந்து கண்ணாடியை மறைத்துவிடுகிறது.

"வெறும் கேம்தான அண்ணே இது?" என்றாள் டெல்பின். சொல்லும்போதே அவள் குரலில் தெம்பு இல்லை.

"கேம்தான். அங்கதான் மனுஷன் மாட்டுவான்," என்றார் லிகோரி. டெல்பினின் அண்ணன். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகம் வைத்திருந்தார். எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்காமல் நம்பமாட்டார். "நேர்ல கேட்டா எல்லாவனும் நல்லவந்தான். சாமியார்ட்ட கேட்டா இன்னும் நல்லவன். யாரும் பாக்கலன்னு நெனச்சிட்டு ஒருத்தன் தனியா ஒக்காந்து விளையாடுதான் பாரு, அங்கதான் அவன் யாருன்னு தெரியும். உள்ளம் கம்பெனிக்காரன் அதத்தான் எடுத்துத் தாரான்."

'உள்ளம்' வந்து அதிக காலம் ஆகவில்லை. மூடிப்போன விளையாட்டு நிறுவனங்களின் விளையாட்டுகளையும் பழைய பதிவுகளையும் மொத்தமாக வாங்கி, யார் யார் எப்படி விளையாடினார்கள் என்று அலசி, மனிதர்களின் குணத்துக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். முதலில் கல்யாண வீட்டார்கள் கேட்டார்கள். பிறகு வேலை கொடுப்பவர்கள், வீட்டை வாடகைக்கு விடுபவர்கள். ஜாதகம் பார்க்காத வீடு உண்டு, உள்ளம் பார்க்காத வீடு இல்லை என்றாகிவிட்டது.

வளனின் சான்றிதழில் மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. பொறுமை அதிகம், கோபம் குறைவு. கடைசியில் மட்டும் ஒரு சிவப்பு வரி: தன்னை நம்பியவரைக் கைவிடும் போக்கு, மிக அதிகம்.

"கோவில்ல கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கதுக்கு முன்னால பாத்துரணும்னுதான் எடுத்தேன்," என்றார் லிகோரி. "இனி உன் இஷ்டம். ஒண்ணு மட்டும் நெனச்சிக்கோ. உனக்கு மட்டும் மாப்பிள்ள பாக்கல நாம. ரெபிக்கு அப்பன் பாக்கோம்."

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. டெல்பினின் முதல் கணவன் ஆன்டன், மகள் ரெபி கைக்குழந்தையாக இருந்தபோது, பழைய பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சில் அவளைக் கிடத்திவிட்டுக் குடிக்கப் போய்விட்டான். யாரோ ஒரு பூக்காரப் பெண் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆன்டன் பிறகு குடித்தே செத்துப்போனான். அவன் செத்தது டெல்பினுக்கு மறந்துகொண்டு வந்தது. அந்தப் பெஞ்சு மறக்கவில்லை.

இறால் ஏற்றுமதி செய்யும் ஆலையின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் இறாலில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் தொழில். அன்றிலிருந்து வளனையும் அப்படியே பார்க்கத் தொடங்கினாள்.

வளன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். தேவாலயப் பங்குச் சாமியார் சொல்லித்தான் இரு வீட்டாரும் சந்தித்தார்கள். ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து போய்க்கொண்டிருந்தான். ரெபிக்கு மூச்சிரைப்பு உண்டு. அவள் மருந்துக் குழலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவனாகவே கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தான். அப்போது அது டெல்பினுக்கு இனித்தது. இப்போது அதையே வேறு மாதிரி நினைத்தாள். எதற்காகக் கற்றுக்கொண்டான்? யாருக்குக் காட்ட?

சாலையைக் கடக்கும்போது ரெபியின் எந்தப் பக்கம் நடக்கிறான் என்று பார்த்தாள். கடற்கரையில் தொலைபேசி அடித்ததும் ரெபியின் கையை விட்டுவிட்டு அதை எடுத்தான். அதைக் குறித்துக்கொண்டாள். சாப்பாட்டில் பெரிய மீன் துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டான். முன்பென்றால் அதைக் கேலி செய்திருப்பாள். இப்போது அதுவும் கணக்கில் சேர்ந்தது.

கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போன அன்று அது முற்றியது. நான்கு மாடிக் கடை. டெல்பின் கல்லா அருகே நின்றாள். வளன் பைகளோடு லிப்டுக்குள் போனான். பின்னால் வந்த ரெபி, வழியிலிருந்த மீன் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள். லிப்டின் கதவு மூடத் தொடங்கியது. வளன் நிமிர்ந்தான். ரெபியைப் பார்த்தான். அவன் கை பக்கச் சுவரிலிருந்த பொத்தானுக்குப் போனதை டெல்பின் கண்ணால் கண்டாள். கதவு மூடிக்கொண்டது.

அவன் மேல்மாடியிலிருந்து படிகளில் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. ரெபி மீன்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"திறக்கத்தான் அமுக்கினேன். அவசரத்துல பட்டன் மாறிப்போச்சு," என்றான்.

மாறிப்போச்சு. டெல்பின் ரெபியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாகனம் நிறுத்துமிடத்தில், ரெபி காருக்குள் உட்கார்ந்த பிறகு, கேட்டாள்.

"தீரான்னு ஒரு கேம் விளையாடியிருக்கியளா?"

வளன் யோசித்தான். "காலேஜ்ல படிக்கும்போது. வேற ஏதோ கிரகத்துல மாட்டிக்கிட்டு பிழைக்கணும். காத்து, தண்ணி எல்லாம் தேடணும். அதானே? எதுக்குக் கேக்கிய?"

"அதுல ஒரு பிள்ள வருமா?"

அவன் முகம் மாறியது. "பாத்துட்டியளா? உள்ளம் பாத்தியளா?"

"கதவ மூடினியளா இல்லியா?"

"மூடினேன்."

அவள் காத்திருந்தாள். ஒரு காரணம், ஒரு விளக்கம், ஒரு கோபமாவது வரும் என்று நினைத்தாள். அவன் கையிலிருந்த பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதுக்கு நான் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல டெல்பின். அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு."

"அந்த வயசுலயே தெரிஞ்சிரும்," என்றாள் அவள். முதல் ஓலை வாசிக்கப்படவில்லை.

லிகோரி நிம்மதியடைந்தார். டெல்பினுக்கு நிம்மதி வரவில்லை. "வளன் மாமா ஏன் வரல?" என்று ரெபி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆலையில் ஒரு மாதிரியை வைத்து ஒரு லாரி சரக்கையே தள்ளிவிட முடியாது. இரண்டாவது மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. வளனிடம் தான் அதைச் செய்யவில்லை என்பது அவளை அரித்தது. அந்தக் கதவின் முன்னால் தானே போய் நின்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

தீரா இப்போது இலவசமாகவே கிடைத்தது. அவளுடைய பழைய கைபேசியில் ஓடவில்லை. ரெபிக்குப் பள்ளியில் கொடுத்திருந்த டேப்லட்டில் ஓடியது. சாயங்காலம் ரெபி பக்கத்து வீட்டில் விளையாடும் நேரத்தில் சமையல் மேடையில் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டு விளையாடினாள்.

முதலில் எல்லாவற்றுக்கும் செத்தாள். காற்று தீர்ந்து செத்தாள், குளிரில் செத்தாள், பள்ளத்தில் விழுந்து செத்தாள். பிறகு பனிக்கட்டியை உருக்கித் தண்ணீர் எடுக்கவும், உடைந்த விண்கலத்திலிருந்து காற்று உருளையைக் கழற்றவும் கற்றுக்கொண்டாள். ஒரு குகையில் அந்தச் சிறுமி கிடைத்தாள். பெயர் இமை. "நான் உங்க பின்னாலயே வர்றேன்" என்று மட்டும்தான் பேசுவாள். வழியில் பளபளக்கும் கற்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து நீட்டுவாள். டெல்பினுக்கு அவளைப் பிடித்துப்போனது. தன் உருளையிலிருந்து அவளுக்குக் காற்று ஊட்டியபோது, ரெபிக்கு மருந்துக் குழல் பிடிப்பது போலவே இருந்தது.

புயல் வந்தது. ஓடினாள். கூடாரத்துக்குள் நுழைந்து திரும்பினாள். இமை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. டெல்பின் வெளியே போய் அவளை முன்னால் விட்டுத் தள்ளினாள். இமை வாசலில் நின்றாள். தூக்க முடியுமா என்று எல்லா இடத்திலும் தொட்டுப் பார்த்தாள். தூக்க வழி இல்லை. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சாம்பல் உள்ளே புகுந்து நிரம்பி, திரை கறுத்து, விளையாட்டு புயலின் தொடக்கத்துக்குத் திரும்பியது. மறுபடி ஓடினாள். மறுபடி இமை வாசலில் நின்றாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க இதுவே நடந்தது. அடுப்பில் குழம்பு அடிபிடிக்கும் வாசனை வந்தது. டெல்பின் எழுந்திருக்க வேண்டும். இமை வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்பினுக்கு எரிச்சல் வந்தது. வரமாட்டேங்கிற பிள்ளையை என்ன செய்ய? பொத்தானை அழுத்தினாள். அது அவ்வளவு லேசாக இருந்தது.

சின்னக் கை கண்ணாடியைத் தட்டியது. திரையில் எழுத்துகள் வந்தன: அடுத்த பகுதி விரைவில்.

"அந்தப் பாப்பா எங்கம்மா?" பின்னால் ரெபி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ.

"வந்துரும்," என்றாள் டெல்பின். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்களில் ஒன்று கோதை. பாளையங்கோட்டையில் கல்லூரி ஒன்றில் அனிமேஷன் சொல்லித் தருகிறார் என்று தேடிக் கண்டுபிடித்தாள். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். கல்லூரி வளாகத்தின் கேன்டீனில் கோதை எதிரே வந்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். டெல்பினை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ளத்துலேருந்து அனுப்பினாங்களா?"

"இல்லீங்க. நான் ஒரு பிள்ளைக்கு அம்மா. எனக்குப் பாத்த மாப்பிள்ளைக்குச் சிவப்பு வரி விழுந்திருக்கு."

"போன வாரம் வந்தவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. போனை மேஜை மேல வைங்க. அணைச்சு வைங்க."

டெல்பின் அப்படியே செய்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பிள்ளைய எப்பிடி உள்ள கூட்டிட்டு வரது?"

கோதை டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "முடியாது," என்றார்.

"என்ன செஞ்சாலுமா?"

"என்ன செஞ்சாலும். நாங்க அதை முடிக்கவே இல்ல. இமை உள்ளே வரணும், ரெண்டு பேரும் சேர்ந்து பிழைக்கணும்னுதான் கதை. புயல் வரைக்கும் செஞ்சோம். இமை கூடாரத்துக்குள்ள நடக்கிற மாதிரி படமே வரையல. அதனால வாசலோட நின்னுடுவா. அதுக்குள்ள கம்பெனியை மூடிட்டாங்க. எங்களுக்கு அது அரைகுறையா நின்னுபோன வேலை. அவ்வளவுதான்."

"அப்ப அந்தக் கதவு வரைக்கும் போன எல்லாரும்..."

"மூடித்தான் ஆகணும். இல்லேன்னா புயலுக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கணும். எத்தனை தடவை முயற்சி பண்ணினாலும் உள்ளத்துக்காரங்க அதைப் பார்க்கிறதில்ல. கடைசியா மூடினதை மட்டும் எடுத்துக்கிறாங்க."

"இது உள்ளத்துக்காரங்களுக்குத் தெரியுமா?"

"விக்கும்போது நானே சொன்னேன். தெரியும். புயலைத் தாண்டினவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். ஆயிரத்துல ஒருத்தருக்கு சிவப்பு வரி விழுந்தாத்தானே மத்தவங்களுக்கு அது மேல மரியாதை வரும்? எல்லாருக்கும் பச்சைன்னா யார் வாங்குவா?" கோதை சிரிக்கவில்லை. "இன்னொண்ணு தெரியுமா? குகையில இமையைப் பார்த்ததும் இது வேலைக்கு ஆகாதுன்னு விளையாட்டை அழிச்சுட்டுப் போனவங்க நிறைய. அவங்களுக்குக் கைவிடாதவர்னு சான்றிதழ். விளையாடவே விளையாடாதவங்களுக்கும் அதேதான்."

டெல்பினுக்குத் தன் அண்ணன் நினைவு வந்தது. லிகோரி வாழ்நாளில் ஒரு விளையாட்டும் விளையாடியதில்லை.

"இதை வெளிய சொல்லக்கூடாதா நீங்க?"

"வாய் திறக்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். வேலை போயிடும்." கோதை எழுந்தார். பிறகு தயங்கினார். "முழுப் பதிவோட பிரதி எங்கிட்ட இருக்கு. உங்களுக்கு வேண்டியவர் மூடுறதுக்கு முன்னாடி எத்தனை தடவை முயற்சி பண்ணினார்னு பார்த்துச் சொல்லட்டுமா?"

டெல்பினின் வாய் வரைக்கும் 'ஆமா' வந்துவிட்டது. "வேண்டாங்க," என்றாள். "நான் அவர்ட்டயே கேட்டுக்கிடுதேன்."

ஊர் திரும்பும் பேருந்தில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ரெபியை உடனே வந்து பார்க்கச் சொன்னார்கள்.

ரெபி வகுப்புக்கு வெளியே பெஞ்சில் அழுது வீங்கிய கண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பள்ளியில் ஒரு பொறுப்பு இருந்தது. மழலை வகுப்புக் குழந்தைகளைக் கை பிடித்து வேன் வரைக்கும் கூட்டிப்போவது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்திருந்தார்கள். அது இப்போது இல்லை.

"நான் யார் கையையும் விடலம்மா," என்றாள் ரெபி. "நான் என்ன செஞ்சேன்?"

டெல்பினுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. டேப்லட் ரெபியின் பெயரில் இருந்தது. பிறந்ததும் அரசாங்கம் கொடுத்த எண்ணில் இருந்தது. விளையாட்டை இப்போது நடத்தும் உள்ளத்தில், கதவை மூடியது ரெபி என்று பதிவாகியிருந்தது. பள்ளி அந்த ஆண்டுதான் உள்ளத்தில் சேர்ந்திருந்தது.

அங்கேயே தாழ்வாரத்தில் நின்று உள்ளத்துக்குப் போன் போட்டாள். இனிமையான குரலில் ஒரு பையன் பேசினான்.

"பதிவுகளை அழிக்க வசதி இல்லைங்க மேடம். ஆனா தொடர்ந்து விளையாடி மதிப்பை உயர்த்திக்கலாம்."

"அதுக்கு மேல விளையாட்டே இல்லியே தம்பி. அதோட நின்னுருதே."

"புரியுதுங்க மேடம். தொடர்ந்து விளையாடி உயர்த்திக்கலாம்."

"விளையாடினது என் பிள்ள இல்ல. நான்."

"அப்படின்னா நீங்க பொறுப்பேத்துக்கிட்டு உங்க பேருக்கு மாத்திக்கலாங்க மேடம். பள்ளி உறுதி செஞ்சாப் போதும்."

மறுநாள் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் அவள் துறைமுக வாசலுக்குப் போனாள். காலை ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வளன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்தான். அவளைக் கண்டதும் நின்றான். பக்கத்தில் வரவில்லை.

"இன்னும் ஏதாவது பாக்கணுமா?" என்றான்.

"உங்க கையில என்ன, கிரீசா?"

"இப்ப கிரேன்ல ஏத்தமாட்டேங்காங்க. யார்டுல சங்கிலி மாட்டுதேன். உங்க அண்ணன் சான்றிதழ் எடுத்தார்லா? ஒருத்தர் எடுத்துட்டா கேக்குத எல்லாருக்கும் அது போகும். கீழ மனுஷங்க நிக்கும்போது, கைவிடுத ஆளு மேல இருக்கக்கூடாதாம்." அவன் குரல் உயரவில்லை. "எதுக்கு வந்திய? சொல்லுங்க."

அவள் சொன்னாள். விளையாடியதை, மூடியதை, கோதை சொன்னதை, ரெபியின் பெயரில் விழுந்த சிவப்பு வரியை. ரெபியின் பெயர் வந்ததும் அவன் பக்கத்தில் வந்துவிட்டான்.

"நான் ஒண்ணு கேக்கணும்," என்றாள் டெல்பின். "நீங்க மூடுததுக்கு முன்னால எத்தன தடவ அவள உள்ள கொண்டுவரப் பாத்திய?"

நிறைய தடவை என்று சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது அவளுக்கு. வளன் தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு தடவகூட இல்ல. அது பொம்மதானே? ஹாஸ்டல்ல சாப்பாட்டு மணி அடிச்சிட்டு. மூடிட்டுச் சாப்பிடப் போயிட்டேன்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் கேட்க வந்த பதில் அது இல்லை. ஆனால் இந்தச் சில வாரங்களில் அவள் கேட்டவற்றில், மறு சோதனை வேண்டும் என்று தோன்றாத ஒரே பதில் அதுதான்.

"பொய் சொல்லியிருக்கலாம்லா?" என்றாள்.

"சொல்லியிருந்தா நீங்க அதயும் எங்கயாவது கொண்டுபோய்ப் பாப்பிய."

டெல்பினுக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. வலிக்கவும் செய்தது, சிரிப்பும் வந்தது. "பள்ளிக்கூடத்துக்குப் போறேன். வாரியளா?"

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான்.

தலைமையாசிரியை சிஸ்டர் ஹில்டா அமைதியானவர். டெல்பின் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். கேட்கும்போது அவர் கண் வளன் மேலேயே இருந்தது. அவன் பெயரை அவர் ஏற்கெனவே உள்ளத்தில் தேடிப் பார்த்துவிட்டார் என்று டெல்பினுக்குத் தோன்றியது.

"வழியே இல்லைன்னு நீங்க சொல்றீங்க," என்றார் சிஸ்டர். "உங்களால முடியலைங்கறதுக்காக வழியே இல்லைன்னு ஆகிடுமா?"

"அப்ப நீங்க செஞ்சு பாருங்க சிஸ்டர். உங்க டேப்லட்ல போட்டுத் தாரேன். இலவசம்தான். அந்தப் பிள்ளைய உள்ள கூட்டிட்டு வந்துட்டா, நான் வாயத் தொறக்காமப் போயிருதேன்."

சிஸ்டரின் கை மேஜையிலிருந்த டேப்லட் பக்கம் நகர்ந்தது. அதைத் தொடவில்லை. மெல்லப் பின்வாங்கி மடியில் போய் அமர்ந்துகொண்டது.

வெளியே குழந்தைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு இந்த ஸ்கூல் இருக்கு," என்றார் சிஸ்டர் கடைசியில். "என் பேர்ல ஒரு வரி விழுந்தா நாளைக்கு இந்த நாற்காலியில நான் இருக்க முடியாது."

"மூடாமலே இருக்கலாமே சிஸ்டர்," என்றான் வளன். முதல் முறையாக வாய் திறந்தான். "நல்லவங்க மூடமாட்டாங்கல்லா?"

சிஸ்டர் ஹில்டாவின் முகம் சிவந்தது. டெல்பின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க பொறுப்பேத்துக்கறதுன்னா நான் உறுதி செய்றேன். ரெபிக்கு வில்லை திரும்பக் கிடைச்சிடும். ஆனா நிர்வாகத்தோட விதி ஒண்ணு இருக்கு. சிவப்பு வரி உள்ளவங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போகத் தனியா வரக்கூடாது. பச்சையா ஒருத்தர் வரணும்."

"நான் பெத்த பிள்ளையவா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்மா."

டெல்பின் தன் அரசாங்க எண்ணைச் சொல்லி விரல்ரேகை வைத்தாள்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் லிகோரிதான் பள்ளிக்கு வர வேண்டியிருந்தது. ரெபி எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. மருந்துக் குழலை எந்தப் பையில் வைத்திருக்கிறாள் என்றும் தெரியாது. "என்னால இப்பிடி ஆயிட்டே" என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார். மறுநாளே, "அந்தக் கோதைங்குதவ சொன்னத நம்பலாமா? அவளையும் ஒரு தடவ பாத்துருவமா உள்ளத்துல?" என்றும் கேட்டார்.

சிவப்பு வரிக்காரர்கள் பள்ளி வாசலிலிருந்து தள்ளி, சாலையின் எதிர்ப்பக்கம் பூவரச மரத்தடியில் நிற்க வேண்டும். முதல் நாள் டெல்பின் அங்கே போனபோது ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வங்கி ஊழியர் ஒருவர், நர்ஸ் உடையில் ஒரு பெண், பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் தையல்காரர். இத்தனை நாள் வாசலில் நின்றபோது இவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களிடமிருந்து சற்று விலகி நிற்பதும் அவள் வழக்கமாக இருந்தது. வேலை முடிந்து வளனும் வந்து பக்கத்தில் நின்றான்.

"புதுசா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"ஆமா."

"புயல் தாண்டினதா, வேற ஏதாவதா?"

"புயல்தான்."

"இங்க எல்லாரும் அதான்," என்றாள் அந்தப் பெண். "நான் அந்தப் பிள்ளையச் சுத்திக் கல்லு அடுக்கிச் சுவர் வச்சுப் பாத்தேன். அப்பயும் போச்சு."

"நான் வெளியவே அவகூட நின்னுட்டேன். ஒரு வாரம்," என்றார் வங்கி ஊழியர். "கடைசியில என் பொண்ணு பரீட்சைக்கு டேப்லட்டக் கேட்டா."

எல்லாரும் வளனைப் பார்த்தார்கள்.

"நான் சாப்பிடப் போயிட்டேன்," என்றான் அவன். தையல்காரர் சிரித்துவிட்டார். நர்ஸும் சிரித்தாள். அந்த மரத்தடியில் வெகுநாளாக யாரும் சிரிக்கவில்லை போல, சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் நர்ஸ் டெல்பின் அருகே வந்தாள். "நாங்க கேஸ் போடலாம்னு இருக்கோம். வழியே இல்லைன்னு அத உண்டாக்கின ஆள் யாராவது சாட்சி சொன்னாத்தான் நிக்குமாம். உங்களுக்கு அப்பிடி யாரையாவது தெரியுமா?"

டெல்பின் அவளைப் பார்த்தாள். வெளுத்த நர்ஸ் உடை, தோளில் பை, பைக்குள் கைபேசி. பேர்கூடத் தெரியாது. உள்ளம் அனுப்பிய ஆளாக இருக்கலாம். கோதையின் வேலை இந்தப் பதிலில் இருந்தது. டெல்பின் வளனைப் பார்த்தாள். அவளை நம்பலாமா என்று அவனுக்கும் தெரியவில்லை என்பது அவன் முகத்தில் இருந்தது.

"தெரியும்," என்றாள் டெல்பின். "அவங்கட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன். நாளைக்கும் வருவியளா?"

"வேற எங்க போவோம்?" என்றாள் அந்தப் பெண்.

மணி அடித்தது. லிகோரி ஒரு கையில் ரெபியின் பையும் மறு கையில் கைபேசியுமாகச் சாலையைக் கடந்து வந்தார். ரெபி அவர் சட்டை நுனியைத் தானாகவே பிடித்துக்கொண்டு வந்தாள். இந்தப் பக்கம் வந்ததும் மரத்தடியில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். வளனிடம் ஓடிப்போய் நின்றுகொண்டு அம்மாவிடம் கேட்டாள்:

"யாரும்மா இவங்கல்லாம்?"

"தெரியல பிள்ள," என்றாள் டெல்பின். "இனிமேதான் கேட்டுத் தெரிஞ்சிக்கிடணும்."